ஒன்பதாம் அட்டையைத் தொட்ட கை

அத்தியாயம் 4

மனித இனம் தோன்றிய நாள் முதல் இன்று பகல் ஒன்று இருபது வரைக்கும், யார் கண்ணிலும் படாத தன் தப்பைத் தானாக வந்து ஒப்புக்கொண்ட மனிதன் ஒருவன்கூடக் கிடையாது.

இது வார்விக் டன்ஸ்டனின் கண்டுபிடிப்பு. முப்பத்தொரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த வீடு, மூழ்கிய படகு, வெள்ளத்தில் போனதாகச் சொல்லப்பட்டு மாமனார் வீட்டு ஹாலில் ஓடிக்கொண்டிருந்த டி.வி. என்று நாலாயிரம் கேஸ்களைத் துருவியவர். ஓய்வு பெற்றதும் 'தனியார் துப்பறிவாளர்' என்று கார்டு அடித்துக்கொண்டார். இந்தக் கண்டுபிடிப்பையும் கார்டின் பின்பக்கம் அச்சடித்துவிடலாம் என்று அவர் சொன்னபோது, பின்பக்கம் ஏற்கெனவே ஒரு பீட்சா கடையின் விளம்பரம் இருப்பதை உதவியாளர் நெரிடா ஸ்லோக்கம் நினைவுபடுத்தினாள். அதனால்தான் கார்டு பாதி விலைக்குக் கிடைத்தது.

"ஒருத்தன்கூடவா இல்ல பாஸ்?" என்றாள் நெரிடா. நாற்பது வயது. பதினைந்து வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் என்பதால் யார் என்ன சொன்னாலும் நம்பாத பழக்கம் உண்டு.

"ஒருத்தன்கூட. கேமரா இருந்தா ஒத்துக்குவான். பொண்டாட்டி பார்த்துட்டா ஒத்துக்குவான். யாருமே பார்க்கலன்னா, நேர்மைங்கிற சரக்கே உலகத்துல கிடையாது. இது விஞ்ஞானம்."

"சரி, அந்த விஞ்ஞானத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கூட்டிட்டு வாங்க. நமக்கு இருக்கிறது அம்பது நிமிஷம்."

வரிங்கா துப்பாக்கிக் கழகத்தின் மைதானம் கரும்புத் தோட்டத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும் நடுவில் இருந்தது. ஆறாவது சுடுகளத்தின், அவர்கள் பாஷையில் ஸ்டேஜின், வாசலில் பன்னிரண்டு பேர் அரைவட்டமாக நின்று ஓர் இலக்கு அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒரு மீட்டருக்கு உள்ளே போகவில்லை. மதிப்பெண் தகராறு தீராத அட்டையை ஒரு மீட்டருக்குள் யாரும் நெருங்கக் கூடாது என்று விதி. தலைமை நடுவர் நெவில் பிக்ஸ்பி சுண்ணாம்பால் கோடே போட்டிருந்தார். அவர் நாற்பது வருஷம் தலைமை ஆசிரியராக இருந்தவர், சுண்ணாம்பும் அவருடையதே.

நடந்தது இதுதான். மூத்தோர் அணியில், அதாவது ஐம்பதைத் தாண்டியவர்களின் ஆஸ்திரேலிய அணியில், ஓர் இடம் மிச்சம் இருந்தது. காலையில் ஜோஸ்லின் ஆட்வெல் இந்த ஸ்டேஜில் சுட்டாள். ஆலையில் எடைமேடையில் வேலை பார்க்கிறவள். ஒன்பது வருஷமாக அந்த இடத்துக்கு முயற்சி செய்கிறவள். ஓடிக்கொண்டே ஒன்பது அட்டைகளைச் சுட வேண்டும், அட்டைக்கு இரண்டு குண்டு, டைமர் ஓடிக்கொண்டிருக்கும். ஜோஸ்லின் பாதியில் தோட்டாக் கூட்டை மாற்றும்போது கை நழுவவிட்டாள். இரண்டு விநாடி போயிற்று. அதோடு அவளுடைய அணி இடமும் போயிற்று என்று பார்த்தவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

சுட்டு முடித்ததும் வழக்கம்போல மதிப்பெண் போடுகிறவர் முதல் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார். அவர் சொல்லி முடித்த அட்டையில் இருக்கும் ஓட்டைகளைக் குழுவினர் பின்னாலேயே வந்து பழுப்பு ஸ்டிக்கரால் மூட வேண்டும், அடுத்த ஆள் சுடுவதற்காக. வரிங்காவில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. வேடிக்கை பார்க்க வந்த மாமியார் கையிலும் ஒரு ஸ்டிக்கர் சுருளைத் திணித்துவிடுவார்கள்.

மதிப்பெண் போடுகிறவர் ஒன்பதாம் அட்டைக்கு வந்தபோது அதில் ஓட்டையே இல்லை. யாரோ முன்கூட்டியே ஒட்டிவிட்டிருந்தார்கள்.

மதிப்பெண் போடும் முன் ஒட்டிவிட்டால், சுட்டவருக்கு மறுபடி முழுவதும் சுட வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டும். அதுவும் விதி. ஜோஸ்லின் மறுபடி சுட்டாள். இந்தத் தடவை கூடு நழுவவில்லை. ஒன்று பத்துக்கு முடிவுப் பட்டியலை ஒட்டினார்கள். அரைப் புள்ளி வித்தியாசத்தில் முதலிடம்.

இரண்டாம் இடம் டென்னிஸ் கோம்பருக்கு. வார்விக்கை வேலைக்கு அமர்த்தியவர் அவர்தான்.

"எனக்கு அந்த இடம் முக்கியமே இல்ல" என்றார் டென்னிஸ், இந்தப் பதினைந்து நிமிஷத்தில் ஏழாவது தடவையாக. "விதிதான் முக்கியம். விதி மட்டும் சரியா நடந்தா, அந்த இடம் எனக்குத்தான் வரும். அதுல நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க."

"ஒண்ணும் பண்ண முடியாது. பாவம் நீங்க" என்றாள் நெரிடா.

கழகத்தில் யாரோ விதியை வளைக்கிறார்கள் என்று ஒரு வாரமாகவே டென்னிஸுக்குச் சந்தேகம். அதனால்தான் இன்று காலையிலேயே வார்விக்கை 'பிரிஸ்பேன்ல இருந்து வந்த சித்தப்பா பையன்' என்று சொல்லிக் குழுவோடு நடக்கவிட்டிருந்தார். சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று எல்லாருக்கும் கொடுப்பதுபோல அவர் கையிலும் ஒரு ஸ்டிக்கர் சுருள் கொடுத்திருந்தார். தகராறு கிளம்பியதும் வார்விக் தொப்பியைக் கழற்றி, தான் யார் என்று அறிவித்தார். எதிர்பார்த்த அளவு யாரும் அதிரவில்லை. "அப்ப சித்தப்பா பையன் இல்லையா?" என்று ஒருவர் மட்டும் கேட்டார்.

இரண்டு பத்துக்குள் மூன்று பேர் கொண்ட நடுவர் குழு தீர்ப்பு எழுதியாக வேண்டும். ஒட்டியது ஜோஸ்லினுக்கு வேண்டியவர், அதுவும் அவளுக்குத் தெரிந்தே என்றால் அது மோசடி. அவள் வெளியே.

வேண்டியவர் அங்கேயே நின்றார். அவளுடைய கணவர் ராஸ். அதே குழு. கையில் ஸ்டிக்கர் சுருள்.

"ராஸ் பண்ணியிருக்க மாட்டான்" என்றார் நெவில். அவர் எதையும் கரும்பலகையில் எழுதுகிற வேகத்தில்தான் சொல்வார். "போன வருஷப் போட்டியில அவனுக்கு நடு வட்டம்னு முழு மதிப்பெண் போட்டுட்டோம். அவனாவே வந்து, அது என் ஓட்டை இல்ல, முன்னாடி சுட்டவனோடது, ஒட்டாம விட்டிருக்காங்கன்னு சொன்னான். மூணாவது இடத்துல இருந்தவன் பதினொண்ணுக்குப் போயிட்டான்."

வார்விக் சிரித்தார். பின்கழுத்தைச் சொறிந்தபடி சிரிப்பது, பெரிய உண்மைகளை நெருங்கும்போது அவருக்கு வரும் வழக்கம் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"அங்க கேமரா இருந்திருக்கும்."

"இல்ல."

"ட்ரோன்?"

"இல்லப்பா."

"அப்ப அன்னிக்கு அவருக்கு உடம்பு சரியில்ல. வெயில் தலைக்கேறினா ஆளுங்க இப்படித்தான். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"ஒரு வருஷம் ஆச்சு. இன்னும் சரியாகல" என்றார் நெவில்.

வார்விக் சுண்ணாம்புக் கோட்டுக்குப் போனார். விதியை மதிக்கிறவர் என்று காட்ட, பைனாகுலரை எடுத்து ஒரு மீட்டர் தூரத்திலிருந்த அட்டையை உற்றுப் பார்த்தார். எல்லாம் பழுப்பாகத் தெரிந்தது.

"சாதாரணமா கண்ணாலயே பார்க்கலாம் பாஸ். அதைத் தடுக்க இன்னும் விதி வரல."

அட்டை முழுக்க ஸ்டிக்கர். காலையிலிருந்து சுட்ட ஐம்பது பேரின் ஓட்டைகள் மேல் ஒட்டியவை. கோணல், மாணல், ஒன்றின் மேல் ஒன்று, பாதி மடங்கியது, காதுபோல் தூக்கிக்கொண்டு நிற்பது. இந்த ஆட்கள் ஒட்டுவதே அப்படித்தான். நடந்துகொண்டே ஒரு கையால் கிழித்து, பேசிக்கொண்டே அட்டையில் ஓர் அடி அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால் நடு வட்டத்தில் இரண்டு மட்டும் வேறு மாதிரி இருந்தன. அட்டையின் ஓரத்துக்கு நேர் இணையாக, மூலை பிசகாமல், சுருக்கமில்லாமல்.

வார்விக் மெதுவாகத் திரும்பினார். "மத்ததெல்லாம் பார்த்தா அவசரத்துல பிளாஸ்திரி போட்ட மாதிரி இருக்கு. இந்த ரெண்டு மட்டும் பாரு. பாஸ்போர்ட் விண்ணப்பத்துல போட்டோ ஒட்டின மாதிரி. இது பழகின கை இல்ல நெரிடா. இந்த வேலைக்குப் புதுசு. ஆனா காகிதத்தோடயே வாழ்ந்த கை."

"ஆபீஸ் ஆளு."

"ஆபீஸ் ஆளு. ஒழுங்கு பார்க்கிறவன். கொஞ்சம் கர்வி. தான் ஒட்டினதை ஒரு அடி பின்னால போய் நின்னு ரசிச்சிருப்பான்."

"கல்யாணம் ஆனவனா பாஸ்?"

"ஆயிருக்கும். ஆனா நிலைச்சிருக்காது."

நெரிடா ஏதோ சொல்ல வாயெடுத்து, முதலாளிக்கு இரண்டு விவாகரத்து ஆனது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள். குழுவின் பட்டியலை எடுத்துப் படித்தாள். ஒன்பது பெயர். ஒரு கரும்பு விவசாயி, இரண்டு வெல்டர், ஒரு குழாய் வேலைக்காரர், ஒரு நர்ஸ், டிராக்டர் விற்கிற டென்னிஸ், ஆலை மெக்கானிக் ராஸ், எடைமேடை ஜோஸ்லின், ஒரு மீன்பிடிக்காரர்.

"ஆபீஸ் ஆளே இல்லையே."

"பட்டியல்ல இருக்கிறவங்கதான் ஸ்டேஜுக்குள்ள போகலாம்" என்றார் நெவில். "பட்டியல்ல இல்லாதவங்க உள்ள இருக்கக் கூடாது. அதனால மதிப்பெண் போடுறவரை விட்டா, உள்ள இருந்தது இந்த ஒன்பது பேருதான்."

அரைவட்டத்தில் நின்ற எல்லாரும் தலையசைத்தார்கள். இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் இருக்கவில்லை. வரிங்காவில் யாருக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை.

வார்விக் ஜோஸ்லினைத் தேடிப் போனார். அவள் தன் வண்டியின் பின்கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. இடுப்புப் பெல்ட்டை மட்டும் இன்னும் கழற்றவில்லை.

"உங்க வீட்டுக்காரர் பண்ணியிருப்பாரா?"

"அவரையே கேளுங்க."

"கேட்டேன். இல்லைன்னார். நீங்க கேட்டீங்களா?"

அவள் ஆலைப் புகையைப் பார்த்தாள். "கேட்டேன். இல்லைன்னான்."

"நம்புறீங்களா?"

"அவனுக்காகன்னா ஒருநாளும் பண்ண மாட்டான். சத்தியமா. எனக்காகன்னா..." பெல்ட்டின் கொக்கியை ஒரு தடவை திறந்து மூடினாள். "கூட்டை நழுவவிட்டுட்டுத் திரும்பினப்போ அவன் மூஞ்சியைப் பார்த்தேன். நான் அழலை. அவன் கண்ணுதான் கலங்கியிருந்தது. அதான் எனக்குத் தெரியல."

நடந்து திரும்பும்போது நெரிடா நகைச்சுவை ஏதும் சொல்லவில்லை. வார்விக் அதைக் கவனித்தார். வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

ராஸ் ரொட்டியில் சுருட்டிய சாசேஜைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல் நின்றார். அவர் இரண்டாவது அட்டையை ஒட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். இரண்டாவது அட்டைக்கு மேல் அவர் போனதை யாரும் பார்க்கவில்லை. போகாததையும் யாரும் பார்க்கவில்லை. டென்னிஸ் இந்த இரண்டாவது வாக்கியத்தை விதிப்புத்தகத்தின் ஓரத்தில் எழுதி அடிக்கோடிட்டார்.

"ஒன்பதாம் அட்டைக்கு எத்தனை வழி?" வார்விக் நெவிலைக் கேட்டார்.

"ரெண்டு. முன்வழி வெயில்ல இருக்கு. அதுல மதிப்பெண் போடுறவரு வந்துட்டிருந்தாரு. அவரைத் தாண்டி யாரும் போகலைன்னு சொல்றாரு. பின்வழி மரச்சுவருக்குப் பின்னால, அந்த மாமரத்தடியில. அதுல யாரும் போக மாட்டாங்க."

"ஏன்?"

"பச்சை எறும்பு. கூடு கூடா இருக்கு. இங்க இருக்கிறவன் எவனும் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டான்."

வார்விக்கின் முகத்தில் வெளிச்சம் வந்தது. பின்கழுத்தை இரண்டு தடவை சொறிந்தார். பிறகு அரைவட்டத்தைப் பார்த்து, காலமெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்காகவே காத்திருந்தவரைப்போலச் சொன்னார்:

"எல்லாரும் பேன்ட்டைத் தூக்குங்க."

"என்னத்துக்கு?" என்றார் மீன்பிடிக்காரர்.

"முன்வழியா யாரும் போகல. அப்ப பின்வழியாத்தான் போயிருக்கான். பின்வழியில போனவனை எறும்பு விட்டிருக்காது. எவன் கால்ல கடி இருக்கோ, அவன் ஒட்டினவன்."

நெவில் விதிப்புத்தகத்தைப் புரட்டி, பேன்ட்டைத் தூக்கச் சொல்லக் கூடாது என்று எங்கும் இல்லை என்பதை உறுதி செய்தார். ஜோஸ்லினும் வந்து சேர்ந்துகொள்ள, ஒன்பது பேர் வரிசையாக நின்று, இடுப்பில் காலித் துப்பாக்கி உறையோடு, முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டினார்கள். சுவருக்கு அப்பால் கரும்பு ரயில் ஒன்று ஊர்ந்து போனது. அதன் டிரைவர் வேகத்தைக் குறைத்து, கடைசிப் பெட்டி கடக்கும்வரை தலையை வெளியே நீட்டிப் பார்த்தபடி போனார்.

பதினெட்டுக் கால்களையும் வார்விக் குனிந்து பார்த்தார். பழைய தழும்பு, வெல்டிங் தீப்பொறி, நர்ஸின் கணுக்காலில் பச்சை குத்திய ஒரு டால்பின். எறும்புக் கடி ஒன்றுகூட இல்லை.

"ராஸ் உயரமான பூட்ஸ் போட்டிருக்கான். அவனை எப்படிக் கடிக்கும்?" என்றார் டென்னிஸ்.

"நீங்களும்தான் போட்டிருக்கீங்க டென்னிஸ்" என்றார் ராஸ்.

"என்னைப் பத்தி இங்க யாரும் பேசல."

மணி ஒன்று ஐம்பத்தைந்து. நெவில் தொண்டையைச் செருமினார். நடுவர் குழுவின் மற்ற இருவரும் அருகில் வந்து நின்றார்கள். "விதியைப் படிச்சுடறேன். சுடுறவருக்குத் தெரிஞ்சு இன்னொருத்தர் ஒட்டியிருந்தா, சுடுறவரும் ஒட்டினவரும் வெளிய. அவருக்குத் தெரியாம இன்னொருத்தர் தானா ஒட்டியிருந்தா, ஒட்டினவருக்கு மட்டும் அஞ்சு வருஷத் தடை. சுட்டவரோட மதிப்பெண் அப்படியே நிக்கும். யார்னே தெரியலன்னா..." பக்கத்தைத் திருப்பினார். "நடுவர் குழு தன் மனசாட்சிப்படி."

மனசாட்சி என்றதும் அந்த மூன்று பேரும் ராஸைப் பார்த்தார்கள்.

ராஸ் கையிலிருந்த ரொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்திலிருந்த வெல்டரிடம் கொடுத்தார். ஓர் அடி முன்னால் வந்தார்.

"நான்தான் ஒட்டினேன். அவளுக்குத் தெரியாது."

வெல்டர் ரொட்டியைப் பார்த்தார்.

"பார்த்தியா" என்றார் வார்விக் நெரிடாவின் காதில். "அஞ்சு நிமிஷம் முன்னால வரைக்கும் இல்லைன்னவன். மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் வர்றான் பாரு. என் கண்டுபிடிப்பு நாலாயிரத்து ஒண்ணாவது தடவையா நிரூபணம்."

"அவர் கால்ல ஒரு கடிகூட இல்ல பாஸ்."

"பூட்ஸ்."

"அப்புறம் அந்த ஸ்டிக்கர். ராஸ் ஒட்டினதை இப்பத்தான் ரெண்டாவது அட்டையில பார்த்துட்டு வர்றேன். கோணலா, ஒண்ணு தலைகீழா. அவர் ஒரு ஸ்டிக்கரை நேரா ஒட்டணும்னா மட்டப்பலகை வேணும்."

வார்விக் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"இன்னொண்ணு" என்றாள் நெரிடா. அவள் குரல் இறங்கியிருந்தது. "எறும்புக் கூடு தரையில இல்ல. மரத்துல. கீழ போறவன் மேலதான் உதிரும். கால்ல கடிக்காது பாஸ். கழுத்துல கடிக்கும்."

வார்விக்கின் விரல்கள் பின்கழுத்திலேயே நின்றன.

கையை முன்னால் கொண்டுவந்து பார்த்தார். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சிறிய எறும்பு நசுங்கிக் கிடந்தது. வயிறு பச்சை. பச்சை எறும்பை நசுக்கினால் வரும் எலுமிச்சை வாசனை.

அதன்பிறகு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. முன்வழியில் வெயில் தாங்காமல் அவர் மாமர நிழலுக்குள் நுழைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் 'ரெண்டு நடு வட்டம்' என்று குரல் கேட்டது. ஒன்பதாம் அட்டையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தது. அவர்கள் எட்டாவதில் நின்றிருக்கிறார்கள். எல்லாரும் வேலை செய்யும்போது தான் மட்டும் நிற்பானேன் என்று சுருளிலிருந்து இரண்டு ஸ்டிக்கரை எடுத்தது. ஓரம் பார்த்து, மூலை பார்த்து ஒட்டியது. ஓர் அடி பின்னால் போய் நின்று, இந்தக் கும்பலில் ஒழுங்காக ஒட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டது.

பட்டியலில் பத்தாவது பெயர் இல்லை. அதனால் பத்தாவது ஆளை யாரும் எண்ணவில்லை. அவரும் எண்ணவில்லை.

நெரிடா அவர் முகத்தைப் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்தபடி சொன்னாள். "நான் அப்போ கேன்டீன்ல இருந்தேன் பாஸ். நான் எதையும் பார்க்கல. வேற யாரும் பார்த்த மாதிரி தெரியல."

அவ்வளவுதான் சொன்னாள். இதைக் கேலியாகச் சொல்லியிருந்தால் வார்விக்குக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

டென்னிஸ் அவரைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "பிரமாதம். பாதி வேலை முடிஞ்சுது. ஆனா தனியா ஒட்டினேன்னு சொல்லிட்டான், அவ இடம் அப்படியே நிக்குது. அவளுக்கும் தெரியும்னு ஒரே ஒரு துப்பு போதும். உங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. எனக்கு இடம் முக்கியமில்ல, ஆனா..."

"கொஞ்சம் இருங்க டென்னிஸ்."

ஜோஸ்லின் நெவிலின் மேஜையை நோக்கி வந்துகொண்டிருந்தாள். இடுப்புப் பெல்ட்டைக் கழற்றிக் கையில் சுற்றி வைத்திருந்தாள். ராஸைத் தாண்டி வந்தாள், அவரைப் பார்க்கவில்லை.

"என் பேரை எடுத்துடுங்க நெவ்."

"விதிப்படி உன் மதிப்பெண் நிக்குதும்மா. நீ எடுக்க வேண்டியதில்ல."

"விதி நிக்கட்டும். நான் போகல. இப்படிக் கிடைச்ச இடத்துல நின்னு நான் எந்த அட்டையைச் சுடறது. டென்னிஸுக்கே கொடுத்துடுங்க."

"ஜாஸ்" என்றார் ராஸ். "ஜாஸ், நான் சொல்றதைக் கேளு."

"கேட்டேனே. காலையில கேட்டேன், இல்லைன்ன. இப்ப ஆமான்ற. ரெண்டுல எது பொய்னு நான் வீட்டுல போய் யோசிக்கிறேன்."

ராஸ் வாயைத் திறந்தார். ஒட்டவில்லை என்று சொன்னால் நடுவர் குழுவின் மனசாட்சிப்படி அவள் மோசடிக்காரி. ஒட்டினேன் என்றால் அவர் பொய்யன். விதிப்புத்தகத்தில் மூன்றாவது கட்டம் இல்லை. வாயை மூடிக்கொண்டார். ஆறடி மனிதர், ஆலையில் நாற்பது டன் உருளையைக் கழற்றி மாட்டுகிறவர், பேன்ட் இன்னும் முழங்காலில் சுருண்டிருக்க அப்படியே நின்றார்.

நெவில் விலகல் படிவத்தை எடுத்து, தேதியைக் கேட்டு, மெதுவாக எழுத ஆரம்பித்தார். மணி இரண்டு மூன்று.

டென்னிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துக்கமாகத் தெரிய வேண்டும் என்று அவர் உண்மையிலேயே பாடுபட்டார்.

வார்விக் மேஜைக்குப் போனார். அங்கே மூன்று அடுக்குப் படிவங்கள் இருந்தன. முறையீடு, விலகல், வாக்குமூலம். மூன்றாவது அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தார். எதையாவது அறிவிக்கும் முன் தொப்பியைக் கழற்றுவது அவர் வழக்கம்; இந்தத் தடவை கழற்றவில்லை. நெவிலின் சட்டைப் பையிலிருந்து அவரைக் கேட்காமலே ஒரு பேனாவை எடுத்து, மேஜையின் ஓரத்தில் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

"என்னப்பா அது?" என்றார் நெவில். "துப்பறிஞ்சவங்க படிவம் தர வேண்டியதில்ல."

"தெரியும்."

அவர் எழுதுவதை ஜோஸ்லின்தான் முதலில் படித்தாள், தலைகீழாக, மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றபடியே. எடைமேடையில் லாரிக்காரர்களின் சீட்டை இருபது வருஷமாகத் தலைகீழாகப் படித்துப் பழகியவள். படித்து முடித்ததும் பெல்ட்டை மேஜையின் மேல் வைத்தாள். திரும்பி ராஸைப் பார்த்தாள். ராஸுக்கு எதுவும் புரியவில்லை. அவள் பார்க்கிறாள் என்பது மட்டும் புரிந்தது.

"முட்டாள்" என்றாள் அவரைப் பார்த்து. "பேன்ட்டை இறக்கிவிடு."

டென்னிஸ் எட்டிப் பார்த்தார். "என்ன எழுதறீங்க? என்ன வார்விக்? நான்தானே உங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

"ஆமா. அதையும் எழுதியிருக்கேன்."

நெவில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை வாங்கினார். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக வாய்விட்டுப் படித்தார். பெயர். தொட்ட அட்டை. தொட்ட நேரம். காரணம்: மதிப்பெண் போட்டாயிற்று என்று நினைத்தேன், விசாரிக்கவில்லை. யார் சொல்லி: யாரும் சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. படிவத்தை வார்விக்கின் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"இதைக் காலியா விட்டிருக்க. நேர்ல பார்த்தவர் பேரு. எந்தக் கட்டத்தையும் காலியா விடக் கூடாது."

நெரிடா இரண்டு அடி தள்ளி நின்றிருந்தாள்.

வார்விக் பேனாவை மறுபடி திறந்தார். அந்தக் கட்டத்தில், கோட்டுக்கு மேலே போகாமல், 'ஒருவரும் இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.